ஏழாம் அத்தியாயத்து அக்கா

நீராவி என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூடச் சலவைக் கடைக்காரியைக் காட்டும். கடையில் நீராவி இஸ்திரி இருப்பதால் வந்த பெயர் என்று அவளுடைய கணவர் வெளியாட்களிடம் சமாளிப்பார். அதெல்லாம் சும்மா. கோபம் தலைக்கேறும்போது அவள் ‘உஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு விடுவாள் பாருங்கள், அதைக் கேட்டவர்கள் வைத்த பெயர் அது. பாக்கெட்டில் பேனாவோடு சட்டையைப் போட்டுவிட்டு, மை பரவியதற்கு நியாயம் கேட்டு வருகிறவர்கள், அவசரம் அவசரம் என்று உயிரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் துணியை எடுக்க வராதவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்த மூச்சு நன்றாகவே பழக்கம்.

அப்பேர்ப்பட்டவள் உருகிப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய தங்கை. சின்னவள் எழுத்தாளர். தலைநகரத்தில் இருக்கிறாள், பத்திரிகைகளில் படம் வருகிறது, மேடையில் மாலை விழுகிறது. சலவைக் கடைப் பெண் ஒருத்தியின் கதையாக அவள் எழுதிய நாவல் பரிசு வாங்கியபோது, முதல் பக்கத்தில் ‘அக்காவுக்கு, எல்லாவற்றுக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி அனுப்பினாள். நீராவிக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டுக் கல்லாவுக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்திவைத்தாள். படித்தாளா என்று கேட்காதீர்கள். விடிந்ததிலிருந்து ஷட்டர் இறக்குகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பவள் எப்போது படிப்பாள்?

படிக்காவிட்டால் என்ன, மற்றவர்களைப் படிக்கவைத்தாள். புத்தகக் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கிவந்து வாடிக்கையாளர்களின் தலையில் கட்டினாள்.

“சார், இதைப் படிங்க. என் தங்கச்சி எழுதினது.”

“படிக்க எங்கம்மா நேரம் இருக்கு?”

“தேய்ச்ச சட்டை போட நேரம் இருக்குல்ல? படிங்க.”

யார் மறுப்பார்கள்? மறுத்துவிட்டு மறுபடி அவளிடம்தானே துணி போட வேண்டும்!

அதற்குப் பிறகுதான் ஏதோ மாறியது. வெள்ளைக் கோட்டுகளை வாங்க வந்த பல் டாக்டர், கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

“உங்க தங்கச்சியோட இப்போ பேச்சுவார்த்தை எல்லாம் இருக்காம்மா?”

“ஏன் இல்லாம? போன வாரம்கூடப் பேசினா.”

“அப்படியா? ரொம்பப் பெரிய மனசு அவங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மா, வந்தால் லேசில் கிளம்பாதவள், இப்போது துணியை வைத்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். நீராவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயில் அதிகம், எல்லோருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய ஒரே மகள் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். அந்த வருடம் சின்னவளின் நாவலையே அவர்களுக்குத் துணைப்பாடமாக வைத்திருந்தார்கள். செய்தி வந்த அன்று மகள் குதித்துக்கொண்டு வந்தாள். தமிழாசிரியை வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, “இவ யார் தெரியுமா? நம்ம ஆசிரியரோட சொந்த அக்கா பொண்ணு” என்று பெருமையாகச் சொன்னாராம். ஆனால் பாடம் நடக்க நடக்க மகளின் வாய் அடங்கிப்போயிற்று. கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’. சாப்பிட்டாயா என்றால் ‘உம்’. பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டாள் நீராவி.

ஒரு மாலையில் கடையில் இருவரும் வேலையாக இருந்தார்கள். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலர்களில் அடையாளச் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே கம்பியில் மர ஹேங்கர்கள் தொங்கின. தேய்த்த கோட்டை மாட்டுவதற்காக நீராவி எட்டி ஒரு ஹேங்கரை எடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள். மகள் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

நீராவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெற்ற நாளிலிருந்து அந்தப் பெண்ணின் மேல் ஒரு விரல் பட்டதில்லை. திட்டு உண்டு, தெருவே கேட்கும். அடி கிடையாது. அடி என்றால் என்னவென்று தெரிந்தவள், தன் வீட்டுக்குள் அதை விடக் கூடாது என்று இருந்தவள்.

“என்னடி? உன்னை அடிக்கப் போறேன்னா நினைச்சே?”

மகள் அழுதாள். அழுதுகொண்டே பையைத் திறந்து பள்ளிப் பிரதியை எடுத்து நீட்டினாள்.

“இதுல இருக்கிறது நிஜமாம்மா? கிளாஸ்ல எல்லாரும் கேக்கிறாங்க, உங்கம்மாவா அதுன்னு. நான் இதுக்கு விடை எழுதணுமாம்.”

தமிழாசிரியை கொடுத்திருந்த கேள்வி இது: மூத்தவள் இழைக்கும் கொடுமைகள் தலைவியின் ஆளுமை வளர்ச்சிக்கு எவ்வாறு துணைபுரிகின்றன? ஏழாம் அத்தியாயத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

நீராவி ஷட்டரைப் பாதி இறக்கினாள். விடுதியிலிருந்து வந்து குவிந்திருந்த விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கையின் புத்தகத்தைத் திறந்து, நேராக ஏழாம் அத்தியாயத்துக்குப் போனாள்.

அந்த அத்தியாயத்தில் வருவது ஒரு சலவைக் கடை. தாயில்லாத இரண்டு பெண்கள். படுக்கையில் கிடக்கும் அப்பா, தங்கமான மனிதர், மகள்களை நினைத்துக் கண்ணீர் விட்டபடியே இருக்கிறார். சின்னப் பெண் கதைப் புத்தகம் படிக்கிற ஞாபகத்தில் வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துண்டையும் இயந்திரத்தில் போட்டுவிடுகிறாள். விடுதியின் விரிப்புகள் அத்தனையும் இளஞ்சிவப்பாகிவிடுகின்றன. நீராவிக்கு இருப்பது போலவே முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் அக்கா மர ஹேங்கரை எடுக்கிறாள். அது உடைகிற வரைக்கும் தங்கையை அடிக்கிறாள். அழுக்குத் துணி போடுகிற அறையில் தள்ளிப் பூட்டுகிறாள். அந்த இருட்டில்தான் சின்னப் பெண் தன் முதல் கதையை மனசுக்குள் கட்டுகிறாள்.

நடந்தது என்ன தெரியுமா? சிவப்புத் துண்டு நிஜம். இளஞ்சிவப்பு விரிப்புகள் நிஜம். ஹேங்கர் உடைந்ததும் நிஜம். அதைக் கையில் வைத்திருந்தவர் அப்பா. படுக்கையில் கிடந்தாராம்! நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத ஆள் அந்த மனிதர். “எவ போட்டது இதை?” என்று கேட்டுக்கொண்டே ஹேங்கரை உருவினார். சின்னவள் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “நான்தான்ப்பா” என்று முன்னால் போய் நின்றவள் பெரியவள். ஹேங்கர் உடைந்தது அவளுடைய தோளில். பிறகு அவளே அத்தனை விரிப்புகளையும் வெளுப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கண் எரிய, விரல் தோல் உரிய, மறுபடி வெள்ளையாக்கினாள். நடுவில் வந்து தங்கையைப் பார்த்தாள். “அழாதே, மிச்சக் கதையைப் படி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் துணி பிரிக்கிற வேலையைச் சின்னவளிடம் கொடுக்கவே இல்லை, தானே செய்தாள். எட்டாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு அவளைப் படிக்கவைத்தாள், கல்லூரிக்கு அனுப்பினாள். அப்பா போன பிறகு கடையைத் தூக்கி நிறுத்தினாள். அப்பா அடிப்பார் என்பதைக் கட்டின கணவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. குடும்ப மானம்!

அந்த மானத்தைத்தான் சின்னவள் கடை கடையாக விற்றிருக்கிறாள். அதற்கு விற்பனைப் பிரதிநிதியாக யார் இருந்தது? சாட்சாத் நீராவியேதான். பல் டாக்டருக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் ‘படிங்க, படிங்க’ என்று தன் செலவில் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நினைக்க நினைக்க உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது.

துணி பட்டுவாடா முடித்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த கணவர், நிலவரம் தெரியாமல் வாயைக் கொடுத்தார்.

“கதைதானே? இதுக்குப் போய் ஏன் இப்படி...”

“அடுத்த அத்தியாயத்துல உங்களையும் எழுதியிருக்கா. அக்கா புருஷன் ஒரு வாயில்லாப் பூச்சின்னு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுல ஒண்ணும் பொய் இல்லையே” என்று சொல்லிவிட்டுச் சத்தம் போடாமல் மறுபடி வண்டிக்கே போய்விட்டார்.

நீராவி தங்கைக்குப் போன் போட்டாள்.

“அக்கா! எப்படி இருக்கே?”

“ஏழாவது அத்தியாயம் படிச்சேன்.”



“கடைசி வரைக்கும் படிச்சியாக்கா? கடைசியில அவ அக்காவை மன்னிச்சிடுறா.”

“யாரை யாருடி மன்னிக்கிறது?”

“அக்கா, கோபப்படாதே. அது நீ இல்ல. அது ஒரு பாத்திரம்.”

“பாத்திரமா? சலவைக் கடை, சிவப்புத் துண்டு, பல்லு மேல பல்லு. ஊர்ல எத்தனை பேருக்குடி இந்தப் பல்லு இருக்கு?”

“கதைன்னா மோதல் வேணும்க்கா. எதிர்ல ஒருத்தி நின்னு நெருக்கினாதான் இன்னொருத்தி வளருவா. அது இல்லாட்டி நாவலே கிடையாது.”

“ஏன், ஹேங்கரோட நின்னாரே ஒரு மனுஷன், அந்த மோதல் உனக்குப் பத்தலையா?”

“அப்பா செத்துட்டாருக்கா. செத்துப்போனவரை அப்படி எழுத எனக்கு மனசு வரல.”

“உயிரோட இருக்கிறவளை எழுத மட்டும் மனசு வந்துச்சா?”

சின்னவள் பெருமூச்சு விட்டாள். புரியாதவளுக்குப் புரியவைக்கிற குரலில் பேசினாள். “அப்பா அடிச்சா அது வெறும் அடிக்கா. எல்லா வீட்லயும் நடக்கிறது. கூடப் பிறந்தவ அடிச்சாதான் அது கதை. உனக்கு இது புரியாது.”

“எனக்கு ஒண்ணு நல்லாப் புரியுது. நான் உனக்கு எதிர்ல நிக்கலடி. உன்மேல விழுறதை வாங்கிக்கிட்டு உனக்கு முன்னாடி நின்னேன்.” நீராவியின் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. “ஊரு என்னவோ நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு ஊரைப் பத்திக் கவலை இல்ல. என் பொண்ணு என்னைப் பார்த்துத் தலையை மூடிக்கிட்டா. நீ வந்து அவகிட்ட சொல்லு. அம்மா என்னை அடிச்சதில்லன்னு உன் வாயால சொல்லு. எனக்கு அது போதும்.”

“சரிக்கா, சொல்றேன். வெள்ளிக்கிழமை அவ ஸ்கூல்லயே என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்கல்ல? அப்படியே கடைக்கும் வர்றேன்.”

வெள்ளிக்கிழமை சின்னவள் ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். பயணத்தில் அவளுடைய கோட்டு கசங்கிச் சுருண்டிருந்தது. நாலு நாளாக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துவைத்திருந்த நீராவி, அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கோட்டை அவள் தோளிலிருந்து உருவினாள். தேய்த்தாள். கையை, காலரை, முதுகை, மடிப்புக் கலையாமல் தேய்த்துத் திருப்பி மாட்டிவிட்டாள். சனியன் பிடித்த கை, கோபம் வேறு வேலை வேறு என்று பழகிய கை!

“விழா முடியட்டும்க்கா, அப்புறம் அவகிட்ட பேசுறேன்” என்றாள் சின்னவள், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே.

பள்ளி மண்டபத்தில் நீராவி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மகள் முன்னால் மாணவிகளோடு இருந்தாள். மேடையில் தேய்த்த கோட்டோடு சின்னவள் எழுந்து நின்றதும் கைதட்டல் காதைப் பிளந்தது. நன்றாகவே பேசினாள், அதில் குறை சொல்ல முடியாது. மோதல்தான் மனுஷனைச் செதுக்குகிறது என்றாள். அன்பு நம்மை ஓரிடத்தில் உட்காரவைக்கிறது, காயம்தான் நடக்கவைக்கிறது என்றாள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

“எனக்குக் கிடைத்த காயங்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். தந்தவர்களை என்றோ மன்னித்துவிட்டேன்” என்று அவள் முடித்தபோது தமிழாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “ஆசிரியரோட அக்காவும் நம்ம நடுவுலதான் இருக்காங்க!” என்று கடைசி வரிசையைக் கை காட்டினார். மண்டபம் மொத்தமும் திரும்பியது. சிலர் கைதட்டினார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் காதில் எதையோ சொல்ல, அவள் நீராவியின் வாயையே உற்றுப் பார்த்தாள். பல்லைப் பார்க்கிறாளாம்! நீராவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மகள் மட்டும் திரும்பவில்லை. அவளுடைய பின்கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

கடைக்குத் திரும்பியதும் நீராவி உள்தாழ்ப்பாள் போட்டாள். இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. மகள் சீருடையோடு விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் மேஜையில் சாய்ந்து நின்றாள்.

“சொல்லு” என்றாள் நீராவி.

சின்னவள் குனிந்து மகளின் கன்னத்தைத் தட்டினாள். “கண்ணு, கதை வேற, வாழ்க்கை வேற. நிஜத்தையும் கற்பனையையும் கலந்துதான் எழுதுறோம். எது எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதுறவங்களுக்கே தெரியாது.”

“அது கிளாஸ்லயே சொன்னாங்க சித்தி” என்றாள் மகள். “அம்மா உங்களை அடிச்சாங்களா, இல்லையா?”

நீராவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை. ‘இல்லை’ என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சின்னவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். மண்டபத்தில் கேட்ட கைதட்டல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

“அந்த வயசுல எல்லாமே அடி மாதிரிதான் தெரியும் கண்ணு. யார் அடிச்சாங்க, எதனால அடிச்சாங்கன்னு இப்போ கிளறி என்ன ஆகப் போகுது? உங்கம்மாவும் பாவம், அவளுக்கும் அப்போ எவ்வளவோ கஷ்டம். நான் எதையும் மனசுல வெச்சுக்கல.”

மகள் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். பயந்த பார்வைகூட இல்லை அது. பரிதாபப்பட்டாள்! தப்புச் செய்த ஒரு வயதான பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரிப் பார்த்தாள். இவ்வளவு காலம் உழைத்து, வாயை மூடிக்கொண்டு, தோளைக் கொடுத்து நீராவி சம்பாதித்தது அந்தப் பார்வைதானா?

மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. இதைச் செய்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்பதும் தெரிந்தது. தெரிந்து என்ன! கை எழுந்துவிட்டது. பளாரென்று சின்னவளின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“இந்தா! இது நான் அடிச்சது. இதைக் கொண்டுபோய் எழுது!”

சின்னவள் தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கையை வைத்தாள். எழுத்தாளர் முகம், மேடை முகம், மன்னிக்கிற முகம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஒன்றும் புரியாத பத்து வயதுப் பெண்ணாக அக்காவைப் பார்த்து விழித்தாள். உதடு கோணிக்கொண்டு அழுகை பீறிட்டது.

“என்னை அடிச்சிட்டியாக்கா? நீ என்னை அடிச்சதே இல்லையேக்கா! ஒரு நாள்கூட நீ என்னை அடிச்சதில்லையே...”

என்ன சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் விரிப்புக் கட்டிலிருந்து இறங்கினாள். சித்தியைத் தாண்டி வந்து, அடித்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.